குடும்பமாக இச்சையடக்கம் பழகுவது எப்படி? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புத்தாண்டு வந்தால் பல கிறிஸ்தவ வீடுகளில் ஒரு பட்டியல் தயாராகிவிடும். இனி கோபப்படக் கூடாது, போனைக் குறைக்க வேண்டும், வீண் செலவு வேண்டாம், அதிகாலையில் எழுந்து ஜெபிக்க வேண்டும், புறம்பேச்சை விட வேண்டும். இரண்டாம் வாரத்தில் அந்தப் பட்டியல் போன இடம் தெரியாது. அந்தக் குடும்பத்துக்குப் பக்தி குறைவு என்று இதற்கு அர்த்தமில்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொட்டார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றார்கள். சோதனை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான்.

இங்கே சொல்லும் வழி வேறு. ஒரே ஒரு காரியத்தை எடுங்கள். அதை வீட்டிலுள்ள எல்லாரும் சேர்ந்து எடுங்கள். நேரம் வருமுன்பே முடிவு செய்துவையுங்கள். ஒருவர் தளரும்போது இன்னொருவர் தடுத்துப் பிடியுங்கள். இந்தக் கடைசிக் காரியத்துக்காகத்தான் இச்சையடக்கத்தைக் குடும்பமாகப் பழக வேண்டும் என்று சொல்கிறேன். தனியாளாக முயல்கிறவருக்கு அந்த உதவி கிடையாது.

யாருடைய பலத்தில்?

கலாத்தியர் 5:22, 23 வசனங்களில் ஆவியின் கனி அன்பில் தொடங்கி இச்சையடக்கத்தில் முடிகிறது. அதாவது இது ஆவியானவர் நமக்குள் விளைவிக்கிற காரியம். தீத்து 2:11, 12 இதை இன்னும் தெளிவாகச் சொல்கிறது: லௌகிக இச்சைகளை வெறுத்து, தெளிந்த புத்தியோடு வாழ நமக்குப் போதிப்பது தேவகிருபை. பயமோ குற்றவுணர்வோ அந்த வேலையைச் செய்வதில்லை. ஆகவே பிள்ளைகளிடம் பேசும்போது, "நீ அடங்கி நடந்தால்தான் இயேசுவுக்கு உன்னைப் பிடிக்கும்" என்கிற தொனி எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. ஏற்கெனவே நேசிக்கப்பட்டிருக்கிறோம், அந்தத் தைரியத்தில்தான் முயல்கிறோம்.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும் முடியாது. "அதிக ஜாக்கிரதையுள்ளவர்களாய்" விசுவாசத்தோடு தைரியத்தையும், ஞானத்தையும், இச்சையடக்கத்தையும் கூட்டி வழங்கச் சொல்கிறார் பேதுரு (2 பேதுரு 1:5-7). ஜெபம் வேண்டும், ஏற்பாடும் வேண்டும். "ஆண்டவரே, என் நேரத்தைக் காத்துக்கொள்ளும்" என்று ஜெபித்துவிட்டு, போனைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுப்பவர் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார்.

இன்னொரு எச்சரிக்கையையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். சில குடும்பங்கள் உற்சாகத்தில் சட்டங்களை அடுக்கிவிடும். "தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே" என்கிற கட்டளைகளைப் பற்றிக் கொலோசெயர் 2-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களில் பவுல் எழுதியிருப்பதை ஒருமுறை வாசித்துவிட்டுத் தொடங்குங்கள். அவை பார்வைக்கு ஞானமாகத் தெரியும், உள்ளே இருக்கும் இச்சையை அடக்குவதில்லை. நம்முடைய நோக்கம் வீட்டில் அன்பு பெருகுவது. அது குறைகிறது என்று தோன்றினால், சட்டத்தைத் தளர்த்துங்கள்.

முதல் வாரம்: கவனிப்பது மட்டும்

எதையும் மாற்ற வேண்டாம். ஆளுக்கு ஒரு சின்ன நோட்டு. நாம் எங்கே எல்லை மீறுகிறோம் என்று அவரவர் தங்களைப் பற்றி மட்டும் குறித்துக்கொள்வது. கணவரின் குறையை மனைவி எழுதுவதோ, தம்பியின் தப்பை அக்கா எழுதுவதோ கூடாது. இந்த விதியை மீறினால் நோட்டு வழக்குக் கட்டாகிவிடும்.

என்ன நடந்தது என்பதோடு மூன்று விவரங்களையும் எழுதுங்கள்: மணி எத்தனை, உடம்பு எப்படி இருந்தது, அதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன நடந்தது. "மாலை ஏழரை. தலைவலி, மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. வேலையிடத்திலிருந்து ஒரு போன் வந்தது. வீட்டுப்பாடம் எழுதாததற்காகப் பையனைத் திட்டினேன்." இப்படி நாலு வரி போதும். வாரக் கடைசியில் வாசித்துப் பார்த்தால் பெரும்பாலானவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். எல்லை மீறல்கள் நாள் முழுக்கப் பரவியிருக்காது. குறிப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரங்களில் குவிந்திருக்கும். பெரும்பாலும் பசி, களைப்பு, அவசரம் சேர்ந்துவரும் நேரம் அது.

வேதம் இதை மறைக்கவில்லை. ஏசா சேஷ்டபுத்திரபாகத்தை, அதாவது மூத்த மகனுக்குரிய உரிமையை, விற்றது வெளியிலிருந்து களைத்து, பசித்து வந்த வேளையில் (ஆதியாகமம் 25:29-34). ஒரு வேளைக் கூழுக்காக! வயிறு நிறைந்திருந்த ஒரு காலையில் தம்பி யாக்கோபு அதே பேரத்தைப் பேசியிருந்தால் ஏசா சிரித்துவிட்டுப் போயிருப்பான் என்றுதான் நினைக்கிறேன். அதேபோல, சாக வேண்டும் என்று கேட்டு சூரைச்செடியின்கீழ்ப் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொன்னான். மறுபடி தூங்கவிட்டு, மறுபடி சாப்பிடச் சொன்னான் (1 இராஜாக்கள் 19:5-8). உங்கள் வீட்டு நோட்டிலும் இதே கதை தெரிந்தால், முதல் தீர்வு ஆவிக்குரியதாக ஒலிக்காமல் போகலாம்: எல்லாரும் அரை மணி நேரம் முன்னதாகப் படுப்பது, அல்லது வீட்டுக்கு வந்ததும் பேச்சை எடுக்கும் முன் ஏதாவது சாப்பிடுவது. தயங்காமல் செய்யுங்கள்.

இரண்டாவது: உட்கார்ந்து பேசி ஒன்றைத் தேர்ந்தெடுப்பது

குடும்ப ஜெபம் முடிந்ததும் கால் மணி நேரம் இதற்கு ஒதுக்கலாம். பெற்றோர் தீர்ப்புச் சொல்ல உட்காராமல், தங்கள் நோட்டைத் தாங்களே முதலில் வாசித்தால் பேச்சு நன்றாகத் தொடங்கும். இல்லாவிட்டால் எப்படிப் போகும் தெரியுமா?

"நம்ம வீட்டுல எப்போ ரொம்ப சத்தம் வருது?" என்று அம்மா கேட்கிறார்.

"காலையில, ஸ்கூலுக்குக் கிளம்பும்போது" என்கிறாள் மகள்.

"யாரு சத்தம் போடுறா?"

அவள் தம்பியைப் பார்க்கிறாள். தம்பி அப்பாவைப் பார்க்கிறான். அப்பா சிரித்துக்கொண்டே, "சரி, நான்தான். ஆனா ஷூவைக் காணோம்னு கடைசி நிமிஷத்துல சொல்றது யாரு?" என்கிறார்.

அந்த "ஆனா"வை அப்பா விழுங்கியிருக்க வேண்டும். "சரி, நான்தான்" என்பதோடு நிறுத்தியிருந்தால், ஷூ விஷயத்தை மகனே ஒத்துக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. இச்சையடக்கம் பற்றிப் பேச உட்கார்ந்த இடத்திலேயே முதல் பயிற்சி தொடங்கிவிடுகிறது, கவனித்தீர்களா?

தேர்ந்தெடுக்கும் காரியம் சின்னதாக, கண்ணுக்குத் தெரிவதாக, எல்லாருக்கும் பொதுவானதாக இருக்க வேண்டும். "கோபத்தைக் குறைப்போம்" என்பது தீர்மானமல்ல, ஆசை. செய்தோமா இல்லையா என்று ராத்திரி யாராலும் சொல்ல முடியாது. "ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கத்திப் பேச மாட்டோம், எழுந்து பக்கத்தில் போய்ப் பேசுவோம்" என்பது தீர்மானம். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் புரியும், தாத்தாவுக்கும் பொருந்தும். பக்கத்தில் நடந்து போவதற்குள் பாதிக் கோபம் இறங்கிவிடுவது கூடுதல் லாபம். வேறு சில: சாப்பிடும்போது யார் கையிலும் போன் இருக்காது, ஒருவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேச மாட்டோம், வீட்டில் இல்லாதவரைப் பற்றி, அவர் முன்னால் சொல்லத் துணியாத எதையும் பேச மாட்டோம். இந்தக் கடைசி ஒன்று பெரியவர்களுக்குத்தான் கடினம். ஆராதனை முடிந்து திரும்பும் வழியில் நாம் பேசும் பேச்சை யோசித்துப் பாருங்கள்.

தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். பவுல் நீதியையும், இச்சையடக்கத்தையும், வரப்போகிற நியாயத்தீர்ப்பையும் பற்றிப் பேசியபோது பேலிக்ஸ் தேசாதிபதிக்குப் பயம் வந்தது. ஆனால் சமயம் கிடைக்கும்போது கூப்பிடுகிறேன் என்று பவுலை அனுப்பிவிட்டான் (அப்போஸ்தலர் 24:25). பரீட்சை முடியட்டும், விருந்தாளிகள் போகட்டும் என்று நாம் சொல்வதும் அந்த ரகம்தான்.

மூன்றாவது: நேரம் வருமுன்பே முடிவு

தானியேலின் முதல் அதிகாரத்தை இந்த வாரக் குடும்ப வேதவாசிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்திக்கொள்ளக் கூடாது என்று தானியேல் "தன் இருதயத்தில் தீர்மானம்பண்ணிக்கொண்டு" இருந்தான் என்கிறது எட்டாம் வசனம். பந்தியில் உட்கார்ந்து, தட்டு முன்னால் வந்தபிறகு யோசிக்கவில்லை. அப்புறம் அவன் செய்ததைப் பாருங்கள். முரண்டு பிடிக்காமல் அதிகாரியிடம் வேண்டிக்கொண்டான். தனியாக நிற்காமல் நண்பர்கள் மூவரையும் சேர்த்துக்கொண்டான். "பத்து நாள் சோதித்துப் பாரும்" என்று ஒரு கெடு வைத்தான். முன்தீர்மானம், மரியாதையான பேச்சு, கூட்டு, குறுகிய கெடு. நான்கும் குடும்பத்துக்கு அப்படியே உதவும். உங்கள் முதல் முயற்சிக்கும் பத்து நாள் போதும். வாழ்நாள் சபதம் எடுக்கிறவர்கள் மூன்றாம் நாளே சோர்ந்துபோகிறார்கள்.

முன்தீர்மானத்தை எழுத ஒரு வடிவம் உண்டு: "இப்படி நடந்தால், நான் இதைச் செய்வேன்." பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். வெறுமனே இலக்கை மட்டும் வைத்துக்கொள்கிறவர்களைவிட, எந்தச் சூழ்நிலையில் என்ன செய்வது என்று இப்படிக் கட்டிவைக்கிறவர்கள் அதை நிறைவேற்றுவது அதிகம் என்று அவருடைய ஆய்வுகள் காட்டின. உங்கள் நோட்டிலிருந்தே வாக்கியத்தை எடுங்கள். "மகன் பதில் பேசினால், நான் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்." "தங்கச்சி என் பொருளை எடுத்தா, பிடுங்காம அம்மாகிட்ட வந்து சொல்வேன்." பிள்ளைகளின் வாக்கியத்தை அவர்களுடைய பேச்சிலேயே, அவர்கள் கையெழுத்திலேயே எழுதவிடுங்கள். பெரியவர் திருத்திக் கொடுத்த வாக்கியம் அவர்களுக்குச் சொந்தமாகாது.

நான்காவது: வீட்டை ஒழுங்குபண்ணுவது

யோசேப்பு போத்திபாரின் வீட்டில் நின்று வாதாடி ஜெயிக்கவில்லை. போத்திபாரின் மனைவி தன்னோடு சயனிக்கும்படி நித்தம் நித்தம் கேட்டபோது இணங்காமலும் அவளோடு இராமலும் விலகினான். கடைசியில் வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான் (ஆதியாகமம் 39). ஓடுவது பலவீனம் என்று நினைக்கிறவர்கள் இந்த அதிகாரத்தை மறுபடி வாசிக்கலாம்.

1970-களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷல் என்ற உளவியலாளர் மழலையர் பள்ளிப் பிள்ளைகளை வைத்து நடத்திய சோதனைகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இப்போதே தின்றால் ஒரு சின்னத் தின்பண்டம், காத்திருந்தால் அதைவிட நல்லது. அதிலிருந்து பலர் எடுத்துக்கொண்ட பாடம், மனவலிமையுள்ள பிள்ளை வாழ்க்கையில் ஜெயிக்கும் என்பது. 2018-ல் இன்னும் பெரிய எண்ணிக்கையில் பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது, குடும்பப் பின்னணியையும் கணக்கில் எடுத்தால் அந்தத் தொடர்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் மிஷலின் சோதனைகளில் நமக்கு உதவும் ஒரு விஷயம் உண்டு. தின்பண்டம் கண்ணில் படாதபடி மூடப்பட்டிருந்தபோது பிள்ளைகள் அதிக நேரம் காத்திருந்தார்கள். அதை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்களால் முடியவில்லை.

ஆகவே, பார்வையிலிருந்து எடுத்துவையுங்கள். ராத்திரி எல்லா போன்களும் படுக்கையறைக்கு வெளியே ஒரே இடத்தில் சார்ஜ் ஏறட்டும், அப்பா அம்மாவின் போனும் சேர்த்து. எழுப்புவதற்கு ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்கிவிட்டால், "அலாரத்துக்காகத்தான் வைத்திருக்கிறேன்" என்கிற சாக்கும் போய்விடும். தேவையில்லாத செயலிகளின் அறிவிப்புகளை நிறுத்துங்கள். வாங்கும் ஆசை அடக்க முடியாததாக இருந்தால், ஷாப்பிங் செயலியிலிருந்து கார்டு விவரங்களை அழித்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் எண்ணைத் தேடி அடிக்க வேண்டியிருக்கும், அந்த இடைவெளியில் புத்தி வரும். குறிப்பிட்ட தொகைக்கு மேல் எதை வாங்கினாலும் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து, துணையிடம் சொல்லிவிட்டு வாங்குவது என்று வைத்துக்கொண்டாலே செலவு விஷயத்தில் பெரும்பகுதி முடிந்தது.

ஆபாசப் படங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. கிறிஸ்தவ வீட்டில் அந்தப் பேச்சே எழாது என்று நினைத்துக் கடந்துபோக வேண்டாம். கண்களோடு உடன்படிக்கை பண்ணினதாக யோபு சொல்கிறான் (யோபு 31:1). அதை இன்றைக்குக் கடைப்பிடிக்க, இணையத்தைத் தனியறையில் கதவைச் சாத்திக்கொண்டு பயன்படுத்தாமல் இருப்பதும், பிள்ளைகளின் கருவிகளில் வயதுக்கேற்ற வடிகட்டிகளை வைப்பதும் வேண்டும். இதில் சிக்கியிருக்கும் பெரியவர் நம்பிக்கையான ஒருவரிடம் வாய்திறந்து சொல்லவும் வேண்டும். பிள்ளை தானே வந்து சொன்னால், அதிர்ச்சியைக் காட்டாதீர்கள். அடுத்த முறை சொல்லுமா சொல்லாதா என்பது அந்த நிமிடத்தில் உங்கள் முகத்தைப் பொறுத்தது.

ஐந்தாவது: கோபமும் நாவும்

மற்றதெல்லாம் எளிது என்று சொல்ல மாட்டேன், ஆனால் வீட்டை உடைப்பது பெரும்பாலும் இதுதான். "தன் ஆவியை அடக்காத மனுஷன் மதிலிடிந்த பாழான பட்டணம்போலிருக்கிறான்" என்கிறது நீதிமொழிகள் 25:28. அந்தப் பட்டணத்தில் அவன் மட்டுமா இருக்கிறான்? மனைவி மக்களும் அதே பட்டணத்தில்தான் குடியிருக்கிறார்கள்.

1 சாமுவேல் 24, 25, 26 அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசியுங்கள். 24-ல், தன்னைக் கொல்லத் தேடிய சவுல் குகையில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் தாவீது அவனைக் கொல்லவில்லை. 26-ல், தூங்கிக்கொண்டிருந்த சவுலை இரண்டாம் முறையும் விட்டுவிடுகிறான். நடுவில் 25-ல் நாபால் என்ற ஒரு பணக்காரன், "தாவீது என்பவன் யார்?" என்று ஏளனமாகக் கேட்டான் என்பதற்காக, நானூறு பேரோடு பட்டயத்தைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறான். நாபாலின் வீட்டு ஆண்கள் ஒருவரையும் மிச்சம் வைப்பதில்லை என்று ஆணையும் இடுகிறான். அதே மனிதன்தான்! பெரிய சோதனையில் நின்றவன் ஓர் அவமானச் சொல்லில் சறுக்குகிறான். சபையில் பொறுமைசாலி என்று பெயரெடுத்தவர் வீட்டில் ஏன் வெடிக்கிறார் என்று குழம்புகிறவர்களுக்கு இங்கே விடை இருக்கிறது.

அந்த நாளில் தாவீதைக் காப்பாற்றியது அவனுடைய மனவலிமை அல்ல, நாபாலின் மனைவி அபிகாயில். அவள் வழிமறித்தாள், தாழ்மையாகப் பேசினாள், சாப்பாடு கொண்டுவந்தாள், அவன் யார் என்பதையும் தேவன் அவனுக்கு வைத்திருப்பதையும் நினைவூட்டினாள். தாவீதும் "நீ யார் என்னைத் தடுக்க?" என்று சீறவில்லை. தன்னைத் தடுத்ததற்காக அவளை ஆசீர்வதித்தான். குடும்பத்தில் நமக்கு வேண்டியது இந்த இரண்டு திறமைகளும்: தடுக்கத் தெரிவது, தடுக்கப்படச் சம்மதிப்பது. இரண்டாவதுதான் அரிது.

இதைப் பழக ஓர் அடையாளச் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய குரலாவது ஏறும்போது வீட்டில் எவரும், கடைக்குட்டிகூட, அந்தச் சொல்லைச் சொல்லலாம். சொன்னதும் பேச்சு நிற்க வேண்டும். "ஸ்டாப்" போன்ற அதட்டலான சொல் வேண்டாம், அதுவே இன்னொரு சண்டையைத் தொடங்கிவைக்கும். பிள்ளைகள் தேர்ந்தெடுக்கும் வேடிக்கையான ஏதோ ஒரு சொல் நன்றாக வேலை செய்யும். விதிகள் இரண்டு: சொன்னவரைத் திட்டக் கூடாது, விட்ட பேச்சைக் குறித்த நேரத்தில் மறுபடி தொடர வேண்டும். இரண்டாவது விதி இல்லாவிட்டால், பதில் சொல்ல விரும்பாதவர்களுக்கு அந்தச் சொல் நல்ல ஒளிவிடமாகிவிடும். "இருபது நிமிஷம் கழிச்சுப் பேசலாம்" என்றால் இருபது நிமிடத்தில் வந்து உட்கார வேண்டும்.

அந்த இடைவெளியில் என்ன செய்வது? மனதுக்குள் வாதத்தைக் கூர்தீட்டிக்கொண்டிருந்தால் பயனில்லை. "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும், என் உதடுகளின் வாசலைக் காத்துக்கொள்ளும்" என்ற சங்கீதம் 141:3 இதற்கென்றே எழுதியதுபோல் இருக்கும், குடும்பமாக மனப்பாடம் செய்யுங்கள். பிறகு கொஞ்சம் நடக்கலாம், பாத்திரம் கழுவலாம். நெகேமியா கடும் கோபத்தில் இருந்தபோது முதலில் தன் மனதிலே ஆலோசனைபண்ணினார், பிறகுதான் பிரபுக்களைக் கடிந்துகொண்டார் (நெகேமியா 5:6, 7). கடிந்துகொள்ளாமல் விடவில்லை என்பதையும் கவனியுங்கள். அநியாயத்தைக் கண்டு கோபம் வருவது தப்பில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொள்வதற்கும் இச்சையடக்கத்துக்கும் சம்பந்தமில்லை.

நேரம் பார்ப்பதும் ஒரு கலை. வீட்டுக்குத் திரும்பிய அபிகாயில், குடித்து வெறித்திருந்த நாபாலிடம் விடியும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை (1 சாமுவேல் 25:36). "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்பதைச் சில தம்பதிகள், நள்ளிரவானாலும் வாதாடித் தீர்த்துவிட வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வசனம் தணியச் சொல்வது எரிச்சலை. விஷயம் முடியாமல் இருக்கலாம். "உன்மேல எனக்கு வெறுப்பு இல்ல, நாளைக்குக் காலையில பேசுவோம்" என்று சொல்லி, சேர்ந்து ஜெபித்துவிட்டுத் தூங்கலாம். நாள்கணக்கில் பேசாமல் இருந்து தண்டிப்பதை அடக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். அது சத்தமில்லாத கோபம்.

ஆறாவது: பிள்ளைகளிடம்

2013-ல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலெஸ்ட் கிட்டும் அவருடைய குழுவினரும் 28 சின்னப் பிள்ளைகளை வைத்து, அந்தக் காத்திருக்கும் சோதனையை வேறு விதமாகச் செய்தார்கள். சோதனைக்கு முன்பு ஒரு பெரியவர் பிள்ளைகளிடம் நல்ல வண்ணப் பொருள்கள் கொண்டுவருவதாகச் சொல்வார். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார், மீதிப் பேரிடம் இல்லை என்று கைவிரித்தார். பிறகு தின்பண்டத்துக்குக் காத்திருக்கச் சொன்னபோது, வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் மூன்று நிமிடம்தான். பெற்றோருக்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டாம். "சனிக்கிழமை கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு மறப்பவரின் பிள்ளைக்குக் காத்திருப்பது புத்திசாலித்தனமாகப் படாது. "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்கிற மத்தேயு 5:37 பிள்ளை வளர்ப்பு வசனமும்தான். முடியாததை முடியாது என்று முதலிலேயே சொல்லுங்கள், சொன்னதைச் செய்யுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்குக் காத்திருத்தல் விளையாட்டாகவே வரட்டும். முறை வைத்து ஆடும் விளையாட்டுகள், ஜெபத்தின்போது ஒரு நிமிட அமைதி, விதை போட்டு முளைப்பதைப் பார்ப்பது. கண்முன்னே ஆசை காட்டிவிட்டு "தொடாதே" என்று சோதிப்பது கொடுமை, அதைச் செய்ய வேண்டாம். பதின்பருவத்தினரிடம் கட்டளை எடுபடாது, காரணம் எடுபடும். எத்தனை மணிக்குப் போனை வெளியே வைப்பது என்று அவர்களிடமே கேளுங்கள். நீங்கள் நினைத்ததைவிடக் கால் மணி நேரம் தள்ளிச் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்; தானே சொன்ன நேரத்தைக் காப்பாற்றுவது எளிது.

பிள்ளையின் தோல்வியைச் சொந்தக்காரர் முன்னாலோ சபையிலோ ஜெபக் குறிப்பாகச் சொல்லி அவமானப்படுத்தாதீர்கள். பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று கொலோசெயர் 3:21 சொல்வது பெற்றோருக்கான இச்சையடக்கம்.

உபவாசம் பற்றிச் சுருக்கமாக

ஆசையை "இரு" என்று சொல்லிப் பழக உபவாசம் உதவும். பத்து நாள் முயற்சி கொஞ்சம் பழகியபிறகு இதை எடுக்கலாம். வளரும் பிள்ளைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சர்க்கரை நோய்க்கோ வேறு நோய்க்கோ மருந்து எடுப்பவர்கள் உணவை விட வேண்டாம். அவர்கள் டிவியையோ சமூக வலைத்தளத்தையோ ஒரு நாள் விடலாம். மிச்சமாகும் நேரத்தை ஜெபத்துக்கும் யாருக்காவது உதவுவதற்கும் கொடுங்கள். மத்தேயு 6:16-18 சொல்கிறபடி வெளியில் காட்டிக்கொள்ளாமல் செய்யுங்கள். உபவாசமிருந்துவிட்டு வீட்டில் எல்லார்மேலும் எரிந்து விழுந்தால், அன்றைக்குச் சாப்பிட்டிருப்பதே மேல்.

விழுந்தால்

விழுவீர்கள். "நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் திரும்பவும் எழுந்திருப்பான்" (நீதிமொழிகள் 24:16). ஒரு பழக்கம் இயல்பாக வர எவ்வளவு நாளாகும் என்று லண்டனில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளர் செய்த ஆய்வில் சராசரி 66 நாள் என்று வந்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வித்தியாசம் இருந்தது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பும் இல்லை. ஆகவே ஒரு நாள் கெட்டதற்காக முழு முயற்சியையும் தூக்கிப்போட வேண்டாம்.

பெற்றோர் விழுந்தால் பிள்ளையிடமே மன்னிப்புக் கேட்க வேண்டும். சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "நான் உன்ன முட்டாள்னு சொன்னது தப்பு. நீ அப்படி இல்ல. என்ன மன்னிச்சிடு." இவ்வளவுதான். "ஆனா நீயும்..." என்று தொடர்ந்தால் கேட்ட மன்னிப்பு வாபஸ் ஆகிவிடும். பிள்ளை உடனே மன்னிக்காவிட்டால் கட்டாயப்படுத்தாதீர்கள். அதற்கும் நேரம் கொடுங்கள்.

இந்த முறைகள் போதாத இடங்களும் உண்டு. வீட்டில் அடி உதை இருந்தால், மிரட்டல் இருந்தால், அடி வாங்குகிறவரைப் பார்த்து "நீ பொறுமையாயிரு, இச்சையடக்கமாயிரு" என்று சொல்வது பாவம் என்றே சொல்வேன். முதலில் அவரும் பிள்ளைகளும் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும், நம்பகமானவர்களிடமும் சட்டத்திடமும் உதவி கேட்க வேண்டும். குடி, போதை, சூதாட்டத்துக்கு அடிமையானவருக்கு ஜெபத்தோடு மருத்துவ உதவியும் வேண்டும். நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம், ஆகவே மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும். காரணமில்லாத எரிச்சலும் தூக்கமின்மையும் வாரக்கணக்கில் நீடித்தால் அதற்கும் மருத்துவரைப் பாருங்கள். போதகரிடம் மட்டும் போய் நின்றுவிடாதீர்கள்.

பத்தாம் நாள் இரவு

மறுபடி உட்காருங்கள். இந்தப் பத்து நாளில் எது கொஞ்சம் எளிதாயிற்று, எப்போது தவறினோம், யார் யாருக்கு உதவினார்கள் என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். மூன்றாவது கேள்விக்கு அதிக நேரம் கொடுங்கள். "அக்கா நான் கத்தப்போறப்போ கையைப் பிடிச்சா" என்று ஒரு பிள்ளை சொல்வதைப் பெற்றோர் கேட்க வேண்டும், அக்காவும் கேட்க வேண்டும். நன்றி சொல்லி ஜெபியுங்கள்.

அப்புறம், அதே தீர்மானத்தை இன்னொரு பத்து நாளுக்கு நீட்டிப்பதா, வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றுவதா என்று பேசுங்கள். புதிய ஒன்றைச் சேர்க்கும் அவசரம் வேண்டாம்; பழையது பெரும்பாலான நாட்களில் நினைவூட்டல் இல்லாமலே நடக்கிறது என்று வீட்டிலேயே அதிகம் சந்தேகப்படும் ஆளும் ஒத்துக்கொண்டபிறகு சேர்த்தால் போதும். அடுத்த சுற்றுக்கு எதை எடுப்பது என்பதைப் பிள்ளைகளில் ஒருவர் தேர்ந்தெடுக்கட்டும்.